கறிக்கடை க்யூ: பிராகில் ஏழரை வருஷம் நின்ற ஸ்டாலின் சிலை - அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செக் நாட்டின் தலைநகரான பிராக் போய் வந்தவர்கள் காட்டும் படங்களில், ஆற்றுக்கு அக்கரையில் ஒரு மேட்டின் மேல் நீளமாகச் சிவப்பு ஊசி ஒன்று சாய்ந்து நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது மெட்ரோனோம், அதாவது பாட்டு வகுப்பில் தாளம் காட்ட வைக்கும் கருவியின் ராட்சச வடிவம். அதே மேடையில் அதற்கு முன் நின்றது சோவியத் தலைவர் ஸ்டாலினுக்கு வைத்த, உலகிலேயே மிகப் பெரிய சிலை. அதைப் பற்றி வழக்கமாக வரும் கேள்விகளையும் பதில்களையும் இங்கே தொகுத்திருக்கிறேன்.

சிலை எங்கே இருந்தது?

வல்தாவா ஆற்றின் வடகரையில், லெட்னா என்ற மேட்டில். பிராகின் பழைய நகரச் சதுக்கத்திலிருந்து பாரிஸ் தெரு என்று ஒரு அகலமான தெரு நேராக ஆற்றுக்குப் போகும். தெரு முடிகிற இடத்தில் சேக் பாலம், பாலத்துக்கு அந்தப் பக்கம் செங்குத்தாக மேடு. தெருவும் பாலமும் மேடும் ஒரே கோட்டில் அமைந்திருக்கின்றன. அந்தக் கோட்டின் நுனியில்தான் சிலையை வைத்தார்கள். சதுக்கத்தின் பக்கமிருந்து ஆற்றை நோக்கித் திரும்பினால் கண்ணில் படாமல் இருக்க முடியாது. இடத்தைத் தேர்ந்தெடுத்தவர்களுக்கு விவரம் இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

எவ்வளவு பெரிய சிலை?

உயரம் 15.5 மீட்டர், நீளம் 22 மீட்டர், எடை சுமார் 17,000 டன். உயரம் என்று பார்த்தால் ஐந்து மாடிக் கட்டடம். இரண்டு டவுன் பஸ்களை ஒன்றின் பின் ஒன்றாக நிறுத்தினால் எவ்வளவோ, அவ்வளவு நீளம். உள்ளே கம்பி கட்டிய கான்கிரீட், வெளியே கிரானைட். பல பேர் சேர்ந்து நிற்பதைப் போன்ற குழுச் சிலைகளில் அப்போது ஐரோப்பாவிலேயே பெரியது இதுதான்.

அது ஸ்டாலின் தனியாக நிற்கும் சிலை இல்லையா?

இல்லை, அதில்தான் வேடிக்கையே இருக்கிறது. முன்னால் ஸ்டாலின், ஒரு கை கோட்டுக்குள், நெப்போலியன் பாணியில். அவர் முதுகுக்குப் பின்னால் இரண்டு வரிசையாக ஆட்கள். ஒரு வரிசை சோவியத் மக்கள், இன்னொன்று செக்கோஸ்லோவாக்கிய மக்கள்: தொழிலாளி, விஞ்ஞானி, உழைக்கும் பெண், படைவீரர் என்று. தலைவர் வழிகாட்ட மக்கள் பின்தொடர்கிறார்கள் என்பது எண்ணம். பக்கவாட்டில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரிந்தது வேறு. அதற்கு அடுத்த கேள்வியைப் பாருங்கள்.

‘கறிக்கடை க்யூ’ என்ற பெயர் எப்படி வந்தது?

பிராக் மக்கள் வைத்த பட்டப்பெயர் அது. செக் மொழியில் சொன்னதை நம் பேச்சில் சொன்னால் அப்படியே ‘கறிக்கடை க்யூ’தான். ஒருவர் பின் ஒருவராக, முகத்தை இறுக்கிக்கொண்டு, ஒரே திசையைப் பார்த்து நிற்கும் கூட்டம் அந்த நாட்டுக்காரர்களுக்குத் தினமும் பழகிய காட்சி. கடையில் கறி வந்திருக்கிறது என்று தெரிந்தால் அப்படித்தான் நிற்பார்கள். முதலில் நிற்கும் ஸ்டாலினுக்கு மட்டும் கட்டாயம் கிடைத்துவிடும் என்பதும் அந்தக் கேலியில் அடக்கம்.

சிரிப்புக்குப் பின்னால் இருந்த கோபமும் தெரிய வேண்டும். சிலை எழுந்துகொண்டிருந்த காலத்தில், 1953 ஜூன் 1 முதல், அரசு பணத்தை மாற்றியது. கையில் இருந்த ரொக்கத்தில் ஆளுக்கு 300 கொருனா வரை ஐந்து பழைய கொருனாவுக்கு ஒரு புதிய கொருனா. அதற்கு மேல் வைத்திருந்தால் ஐம்பதுக்கு ஒன்று. திருமணத்துக்கும் வீட்டுக்கும் என்று பெட்டியில் சேர்த்து வைத்தது ஒரே வாரத்தில் செல்லாக்காசு மாதிரி ஆனது. அறிவிப்புக்கு முந்தைய நாள்தான் குடியரசுத் தலைவர் ஸாபோடோட்ஸ்கி, நம் நாணயம் உறுதியாக இருக்கிறது, மாற்றம் எதுவும் கிடையாது என்கிற தொனியில் மக்களுக்குத் தைரியம் சொல்லியிருந்தார். பில்சன் நகரில் ஸ்கோடா ஆலைத் தொழிலாளர்கள் தெருவில் இறங்கி நகரசபைக்குள் புகுந்தார்கள், தலைவர்களின் படங்களைத் தூக்கி வெளியே வீசினார்கள். தொழிலாளர்களின் ஆட்சி என்று சொல்லிக்கொண்ட அரசு தொழிலாளர்களைத்தான் பிடித்து உள்ளே போட்டது.

இந்த நிலைமையில் ஊரின் தலைக்கு மேலே கிரானைட்டில் ஒரு க்யூ எழுந்தால் மக்கள் வேறு என்ன பெயர் வைப்பார்கள்?

எதற்காகக் கட்டினார்கள்? யாராவது கட்டாயப்படுத்தினார்களா?

1948 பிப்ரவரியில் செக்கோஸ்லோவாக்கியாவில் கம்யூனிஸ்ட் கட்சி முழு அதிகாரத்தையும் கைப்பற்றியது. அடுத்த வருஷம் டிசம்பரில் ஸ்டாலினுக்கு 70 வயது நிறைவதாகக் கொண்டாட்டம். அதற்கு என்ன பரிசு தரலாம் என்று யோசித்ததில் பிறந்ததுதான் சிலை. ‘எனக்கு மலை மேல் சிலை வையுங்கள்’ என்று மாஸ்கோ ஓலை அனுப்பத் தேவையிருக்கவில்லை. மேலிடத்துக்கு எது பிடிக்கும் என்று கீழே இருப்பவர்களே ஊகித்து, ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு செய்கிற காரியம் இது. அலுவலகத்தில் வேலை பார்த்த எவருக்கும் இந்தப் பழக்கம் புதிதாக இருக்காது.

எல்லாமே பயத்தில் நடந்தது என்றும் சொல்ல முடியாது. 1939 முதல் 1945 வரை நாஜி ஆக்கிரமிப்பில் கிடந்த ஊர் அது. 1945 மே 9 அன்று பிராகுக்குள் வந்தது சோவியத்தின் செம்படை. 1946இல் நடந்த தேர்தலில் கம்யூனிஸ்டுகள் சுமார் 38 சதவீத வாக்கு வாங்கி முதலிடம் பிடித்தார்கள். போர் முடிந்த அந்த நாட்களில் சோவியத் மீது உண்மையான நன்றி உள்ளவர்கள் ஏராளம். அந்த நன்றியை அளவு தெரியாமல் செலவழித்ததுதான் கட்சி செய்த தவறு என்பது என் கணிப்பு.

அந்த ஸ்டாலின் பெயர்தானே நம் ஊரிலும்?

ஆமாம். மு.க.ஸ்டாலின் பிறந்தது 1953 மார்ச் 1. சோவியத் தலைவர் ஸ்டாலின் இறந்தது மார்ச் 5. அவர் நினைவாக வைத்த பெயர். லெட்னா சிலைக்கும் நமக்கும் வேறு தொடர்பு கிடையாது.

சிலையைச் செய்தவர் யார்? அவருக்கு என்ன ஆனது?

ஓடகார் ஷ்வெட்ஸ். 1892இல் பிறந்தவர். கட்டடப் பகுதியை வடிவமைத்தவர்கள் யிர்ஷி ஷ்டுர்சா, வ்லாஸ்டா ஷ்டுர்சோவா என்ற கட்டடக் கலைஞர் தம்பதி.

ஷ்வெட்ஸ் கட்சிக்காகச் சிலை வார்த்தே பிழைத்த ஆள் இல்லை. 1920களில் அவர் செய்த மோட்டார் சைக்கிள்காரர் சிலை இன்றும் பேசப்படுகிறது. வண்டியோடு ஒட்டிப் படுத்து ஒருவர் வளைவில் திரும்புகிறார், காற்று அவரை இழுத்து நீட்டியிருக்கிறது. வேகத்தை உலோகத்தில் பிடித்த மனிதர் அவர். அதை ஒரு தடவை பார்த்துவிட்டு லெட்னாச் சிலையின் படத்தைப் பாருங்கள். இரண்டையும் செய்தது ஒரே கைதான் என்று நம்புவது கஷ்டம். முதலாவதில் இரும்பும் மனிதனும் ஓடுகின்றன. இரண்டாவதில் மனிதர்கள் நகரவே மாட்டார்கள், கால்கள் கல்லோடு கல்லாகி நிற்கின்றன.

1949இல் போட்டி அறிவித்தபோது பெயர் பெற்ற சிற்பிகள் ஒதுங்கி நிற்க வழியில்லை. மாதிரி கொடுத்தால் ஆபத்து இல்லை, ஜெயித்தால்தான் ஆபத்து. பரிசு வாங்குவார் என்று எல்லாரும் நினைத்த ஒரு சிற்பி, ஸ்டாலின் இரு கைகளையும் விரித்து நிற்பதைப் போல மாதிரி செய்து, அது இயேசு மாதிரி இருந்ததால் சாமர்த்தியமாகக் கழன்றுகொண்டார் என்று பிராகில் ஒரு கதை சொல்வார்கள். ஷ்வெட்ஸுக்கு அந்தச் சாமர்த்தியம் வாய்க்கவில்லை. அவர் மாதிரியைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு மேல் நெருக்கடி. ஒரு பக்கம் கட்சியும் ரகசியப் போலீஸும். மறுபக்கம் அவரைத் திட்டி வந்த கடிதங்கள். மேலே இருப்பவர்களுக்குச் சிலை போதாது, கீழே இருப்பவர்களுக்குச் சிலையே வேண்டாம். நடுவில் மாட்டிக்கொண்டவர், 1955இல் திறப்பு விழாவுக்குச் சில வாரங்களே இருக்கும்போது உயிரை மாய்த்துக்கொண்டார். அவருடைய மனைவியும் அதற்கு முந்தைய வருஷம் அதே முடிவை எடுத்திருந்தார்.

சிலையின் கதை சொல்பவர்கள் பலரும் இந்த இடத்தில் ஒரு ‘சாபக்கதை’ சேர்ப்பார்கள்: ஸ்டாலினுக்கு மாடலாக நின்ற ஆளை ஊரே ‘ஸ்டாலின்’ என்று கூப்பிட்டதால் குடித்தே செத்தார் என்று. சுவாரஸ்யமான வதந்தி என்ற அளவில் அதை வைத்துக்கொள்ளலாம். ஷ்வெட்ஸின் முடிவே போதுமான கனம் உள்ளது, அதற்கு மேல் மசாலா தேவையில்லை.

ஸ்டாலின் 1953இலேயே இறந்துவிட்டாரே. 1955இல் எதற்குத் திறந்தார்கள்?

பாதி எழுந்த சிலையை என்ன செய்வது? நிறுத்தினால் ஏன் நிறுத்தினீர்கள் என்று கேள்வி வரும், அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல அப்போது யாருக்கும் தைரியம் இல்லை. மாஸ்கோவில் காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதும் இன்னும் தெளிவாகவில்லை. 1955 மே 1, தொழிலாளர் தினத்தன்று திரையை விலக்கினார்கள். பிறந்தநாள் பரிசு என்று தொடங்கியது கடைசியில் நினைவுச்சின்னமாகத் திறந்தது.

அதிலிருந்து பத்தே மாதம். 1956 பிப்ரவரி 25 அன்று சோவியத் கட்சியின் 20ஆவது மாநாட்டில், மூடிய கதவுக்குள், ஸ்டாலினுக்குப் பிறகு கட்சித் தலைமைக்கு வந்த குருஷ்சேவ் அவருடைய குற்றங்களைப் பட்டியலிட்டார். பெயிண்ட் வாசனை போவதற்குள் என்பார்களே, அப்படி.

அப்படியானால் 1956இலேயே இடித்திருக்க வேண்டுமே. ஏன் 1962 வரை?

இந்தக் கதையில் எனக்குப் பிடித்த கேள்வி இதுதான்.

ஹங்கேரியில் அரசு யோசிக்கும்வரை மக்கள் காத்திருக்கவில்லை. 1956 அக்டோபர் 23 அன்று புடாபெஸ்டில் கூட்டம் ஸ்டாலின் சிலையை அறுத்துக் கீழே தள்ளியது, பீடத்தில் பூட்ஸ் மட்டும் மிஞ்சியது. பிராகில் அது நடக்கவில்லை. கட்சித் தலைவர்களும் அசையவில்லை.

காரணம் எளிது. ஸ்டாலின் செய்தது குற்றம் என்று சொன்னால், இங்கே அவர் பாணியில் செய்ததற்கு யார் பதில் சொல்வது? 1952இல் கட்சியின் முன்னாள் பொதுச்செயலாளர் ருடால்ஃப் ஸ்லான்ஸ்கி உட்பட 14 பேர் மீது ஜோடித்த வழக்கு நடந்தது. மனப்பாடம் செய்து வைத்த வாக்குமூலங்களை நீதிமன்றத்தில் ஒப்பிக்க வைத்தார்கள். 11 பேரைத் தூக்கிலிட்டார்கள். அந்தக் காலத்தில் மேலே ஏறிய ஆட்கள்தான் 1956இலும் நாற்காலியில் இருந்தார்கள். கட்சியின் முதல் செயலாளர் அன்டோனின் நொவோட்னி 1957இல் குடியரசுத் தலைவராகவும் ஆனார். சிலையில் ஒரு கல்லை உருவினால் அடுத்த கல் தங்கள் காலடியில் இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும்.

அதனால் சிலையைப் பற்றிப் பேசாமல் இருந்தார்கள். அது பாட்டுக்கு நிற்கட்டும், பார்க்காத மாதிரி இருந்துவிடலாம் என்று. ஆனால் ஐந்து மாடி உயரத்தில், நகரத்துக்கு நேர் எதிரே வைத்ததை எப்படிப் பார்க்காமல் இருப்பது?

முடிவை எடுக்க வைத்தது மாஸ்கோ. 1961 அக்டோபரில் 22ஆவது மாநாட்டில் குருஷ்சேவ் இந்தத் தடவை வெளிப்படையாகவே தாக்கினார். அக்டோபர் 31 அன்று இரவோடு இரவாக ஸ்டாலினின் உடலை லெனினின் பக்கத்திலிருந்து எடுத்து வெளியே புதைத்தார்கள். நவம்பரில் ஸ்டாலின்கிராட் என்ற பெயரே வோல்கோகிராட் ஆனது. இதற்கு மேலும் உலகின் மிகப் பெரிய ஸ்டாலினை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் பிராக் தலைவர்கள் மாட்டிக்கொள்வார்கள். இடிக்க முடிவானது.

இடித்தது யார்? ஆட்சி மாறியதா?

மாறவில்லை. கட்டிய அதே கட்சி, ஏறக்குறைய அதே ஆட்கள். கம்யூனிஸ்ட் ஆட்சியைக் கவிழ்த்த 1989 புரட்சிக்குப் பிறகு மக்கள் இடித்தது என்று பலர் நினைத்துக்கொள்கிறார்கள், தவறு. 1989 நவம்பரில் லட்சக்கணக்கானோர் லெட்னாவில் கூடியபோது சிலை போய் 27 வருஷம் ஆகியிருந்தது.

கணக்குப் போட்டால்?

கட்டுவதற்கு ஐந்தரை வருஷம். நின்றது 1955 மே முதல் 1962 நவம்பர் வரை, சரியாக ஏழரை வருஷம். நம் ஊரில் இதை யாரும் தற்செயல் என்று சொல்ல மாட்டார்கள்.

எப்படி இடித்தார்கள்? கழற்றி எடுத்து வைத்திருக்கலாமே?

17,000 டன்னை யார் கழற்றுவது, எங்கே வைப்பது? வெண்கலச் சிலையாக இருந்தால் உருக்கலாம். இது கான்கிரீட்டைச் சுற்றிக் கிரானைட் கட்டிய ஒரு சிறு குன்று. பல கட்டமாக வெடி வைத்துத் தகர்த்தார்கள். செலவான வெடிமருந்து சுமார் 800 கிலோ. மேட்டுக்கு அடியிலேயே சாலை, ஆறு, 1908இல் திறந்த அழகான பாலம். எதிரே பழைய நகரத்தின் வீடுகள். ஜன்னல் கண்ணாடி தெறிக்காமல் ஐந்து மாடியைச் சாய்ப்பது லேசுப்பட்ட வேலை இல்லை.

அரசுக்கு இன்னொரு கவலையும் இருந்தது: இதை யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளக் கூடாது. படம் எடுக்கத் தடை. திறப்பு விழாவுக்கு ஊரையே கூட்டிய அரசு, இடிப்பு விழாவுக்குக் கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னது. வெடிச்சத்தத்துக்கு எப்படித் தடை போடுவது என்பதுதான் பிரச்சினை. தடையை மீறி எடுத்த படங்களும் இருக்கின்றன. இன்று நாம் பார்க்கும் புகைமூட்டம் அவற்றில் உள்ளதுதான்.

சிலையோடு வேறு எதையாவது அகற்றினார்களா?

ஒரு உடலை. கட்சித் தலைவரும் குடியரசுத் தலைவருமாக இருந்த கிளெமென்ட் காட்வால்ட், ஸ்டாலின் இறந்த ஒன்பதாவது நாள், 1953 மார்ச் 14 அன்று இறந்தார். சாவிலும் பின்தொடர்ந்தார் என்று அப்போதே கேலி பேசியிருப்பார்கள். லெனினுக்குச் செய்ததைப் போல அவர் உடலைப் பதப்படுத்தி, பிராகின் வீட்கொவ் குன்றில் காட்சிக்கு வைத்தார்கள். 1962இல் அதையும் எடுத்துத் தகனம் செய்தார்கள். ஒரே வருஷத்தில் ஒரு குன்றில் சிலை காலி, இன்னொரு குன்றில் உடல் காலி.

பிறகு அந்த இடம் என்ன ஆனது?

மேலே இருந்ததைத்தான் தகர்த்தார்கள். அடிமேடையும் படிகளும் அதற்குள் இருந்த அறைகளும் அப்படியே இருக்கின்றன. அந்த அறைகளில் கொஞ்ச காலம் உருளைக்கிழங்கு மூட்டை அடுக்கி வைத்திருந்தார்கள். கறிக்கடை க்யூ என்று கேலி செய்த இடம் காய்கறிக் கிடங்கானது.

1990இல் சில இளைஞர்கள் அதே நிலவறையிலிருந்து அனுமதி வாங்காமல் வானொலி நடத்தினார்கள். பெயர் ரேடியோ ஸ்டாலின். பிராகின் முதல் ராக் கிளப்புகளில் ஒன்றும் அங்கேதான் நடந்தது. 1991இல் வ்ராடிஸ்லாவ் நோவாக் என்ற சிற்பியின் மெட்ரோனோம் மேடையில் ஏறியது, உயரம் சுமார் 23 மீட்டர். சில சமயம் ஆடும், சில சமயம் பழுதாகி நிற்கும்.

மைக்கேல் ஜாக்சன் சிலை வைத்தது உண்மையா?

உண்மை. 1996 செப்டம்பரில் அவருடைய ஹிஸ்டரி உலகச் சுற்றுப்பயணம் பிராகில் தொடங்கியபோது விளம்பரத்துக்காக 35 அடி உயரச் சிலையைக் கொண்டுவந்து அங்கே நிறுத்தினார்கள். கொஞ்ச நாள்தான். 1998 தேர்தலின்போது ஒரு கட்சியின் பெரிய விளம்பரப் பலகையும் அங்கே ஏறியது, அது காற்றுக்குத் தாங்கவில்லை. காலி மேடை என்றால் எல்லாருக்கும் கை துறுதுறுக்கிறது போலிருக்கிறது.

இடித்தது சரியா? பாடமாக வைத்திருக்கலாமே?

இப்போது சுற்றுலாக் கண்ணோடு பார்க்கும்போது அப்படித்தான் தோன்றும். அன்றைக்கு அந்தச் சாலையில் வேலைக்குப் போய் வந்த ஒருவரிடம், அப்பாவையோ கணவரையோ சிறைக்குப் பறிகொடுத்த ஒருவரிடம் இதைக் கேட்டிருக்க முடியுமா? இடித்தது சரி என்றே நினைக்கிறேன். சத்தமில்லாமல் இடிக்க முயன்றதுதான் தவறு. ஏன் கட்டினோம், ஏன் இடிக்கிறோம் என்று அன்றே சொல்லியிருந்தால் ஸ்லான்ஸ்கி வழக்கில் செத்தவர்களின் குடும்பங்கள் நியாயம் கிடைக்க இன்னும் பல மாதங்கள் காத்திருந்திருக்க வேண்டியதில்லை.

பிராகில் சிலைப் பிரச்சினை அதோடு முடிந்ததா?

எங்கே முடிந்தது! 1945இல் பிராகை அடைந்த செம்படையின் தளபதி கோனெவுக்கு 1980இல் வைத்த சிலையை, 2020 ஏப்ரலில் அந்தப் பகுதியின் உள்ளாட்சி அகற்றியது. 1956இல் ஹங்கேரிய எழுச்சியை நசுக்கிய படைகளுக்கும் அவர்தான் தலைமை என்பது எதிர்ப்பாளர்கள் வாதம். ரஷ்யா கடும் கோபம் காட்டியது.

இப்போது போனால் என்ன பார்க்கலாம்?

பழைய நகரச் சதுக்கத்திலிருந்து நடந்தே போய்விடலாம், கால் மணி நேரம். சேக் பாலத்தைத் தாண்டியதும் படிகள் ஏறும், முழங்கால் வலி உள்ளவர்கள் நின்று நின்று ஏறுங்கள். மேலே வந்தால் பாலங்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஆற்றைக் கடப்பது தெரியும். பிராகில் படம் எடுக்க இதைவிட நல்ல இடம் குறைவு. சிலைக்கு என்று போட்ட வழவழப்பான கல்தளத்தில் இப்போது பையன்கள் ஸ்கேட் போர்டு ஓட்டுகிறார்கள். மேடையின் விளிம்புகள் பலகை உரசி உரசித் தேய்ந்திருக்கின்றன. மெட்ரோனோம் பக்கத்துக் கம்பியில் ஜோடி ஜோடியாகப் பழைய ஷூக்கள் தொங்கும், லேஸைக் கட்டி வீசிவிட்டுப் போனவை.

யாராவது உள்ளூர்க்காரரிடம் வழி கேட்பதாக இருந்தால் ‘மெட்ரோனோம்’ என்று கேட்கலாம், காட்டுவார்கள். பையன்கள் தங்களுக்குள் சாயங்காலம் எங்கே சந்திக்கலாம் என்று பேசும்போது மட்டும் ‘ஸ்டாலின்கிட்ட வந்துடு’ என்றுதான் சொல்கிறார்கள்.